ஆற்றங்கரையில் மீண்ட எழுத்து

வேலையை விட்டு முழுநேரமாக எழுத வந்த பிறகுதான் எழுத்து நின்றுபோனது. நாள் முழுவதும் என் கையில். மேசையில் உட்கார்ந்தால் ஒரு பத்தி தேறவில்லை.

பிழைப்புக்கான மெய்ப்புத் திருத்தும் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளினேன். காலை வேளைக்குத் தாமிரபரணியை எடுத்துக்கொண்டேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு. ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பஸ்ஸில் போய் ஏதாவது ஓர் ஊரில் இறங்குவேன், கரையோடு நடப்பேன், எதிர்ப்படுகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பேன். திரும்பும் பஸ்ஸில் ஏறுமுன், அங்கேயே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிடுவேன். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். வீட்டில் போய் எழுதலாம் என்று தள்ளிப்போட்டால் பாதி மறந்துவிடும்.

பத்தமடையில் ஒரு பாட்டி காய்ந்த கோரையைக் கீறி இழை பிரித்துக்கொண்டிருந்தார். பட்டுப்பாய்க்கு நூல்போல மெலிய வேண்டும். கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் தடவியே, தடித்த இழையை ஒதுக்கினார். "அவசரப்பட்டால் அறுந்துபோகும் தம்பி" என்றார். அந்த விரல்களைப் பற்றி மட்டுமே இரண்டு பக்கம் எழுதினேன். நெடுநாளைக்குப் பிறகு அடித்தல் இல்லாமல் வந்த பக்கங்கள் அவை. அந்தக் கட்டுரையை ஓர் இதழ் வாங்கிக்கொண்டது.

இப்போது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை வந்திருக்கிறேன். அடுத்து கொற்கை.