மஞ்சள் இல்லாமல் வெயில்: மொராந்தியின் நிலக்காட்சியை வரைந்து பழகுவோம்

வெயிலை வரையச் சொன்னால் கை முதலில் பளீர் மஞ்சளைத்தான் தேடும். என் கையும் தேடியது. மாம்பழச்சாறு கொட்டியதுபோல ஒரு சுவர் கிடைத்தது. அந்தப் பழக்கத்திலிருந்து என்னை மீட்டவை ஜார்ஜோ மொராந்தியின் நிலக்காட்சிகள்.

1890இல் இத்தாலியின் பொலோனியா நகரில் பிறந்து, 1964இல் அங்கேயே மறைந்தவர் அவர். புட்டிகளையும் ஜாடிகளையும் வரைந்தவர் என்றே பலரும் அறிவார்கள். ஆனால் அப்பென்னைன் மலைச்சரிவில் உள்ள கிரிட்சானா என்ற சிற்றூருக்கு 1913இல் முதன்முதலாகப் போனவர், அதன் வீடுகளையும் வைக்கோல் கொட்டகைகளையும் வெள்ளை மண்சாலையையும் கடைசிவரை விடவில்லை. 1943இல் போருக்கு ஒதுங்கிச் சகோதரிகளோடு தங்கியதும் அங்கேதான். 1985இல் ஊரே தன் பெயரைக் கிரிட்சானா மொராந்தி என்று மாற்றிக்கொண்டது.

அவருடைய 1940களின் நிலக்காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சுவரும் மரக்கூட்டமும் கொஞ்சம் வானமும் இருந்தால் போதும். அதைப் பார்த்து வரைவதுதான் இன்றைய பயிற்சி.

படி 1: பொருள்கள்

ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான அகலத்தில் ஒரு கேன்வாஸ், தட்டைத் தூரிகைகள் இரண்டு, எண்ணெய் வண்ணங்கள் ஐந்து: டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர் (மங்கிய மண்மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), ரா அம்பர் (அடர்பழுப்பு), அல்ட்ராமரீன் நீலம். பச்சை வாங்காதீர்கள். கடைக்காரர் வற்புறுத்துவார், அசையாதீர்கள்.

படி 2: காட்சியைக் குறுக்குதல்

அட்டையில் சிறு செவ்வக ஓட்டை வெட்டி, அதன் வழியே படத்தைத் துண்டு துண்டாகப் பாருங்கள். மொராந்தி தொலைவிலிருந்த வீடுகளைத் தொலைநோக்கியில் பார்த்தும் வரைந்திருக்கிறார். அப்படிப் பார்க்கும்போது முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வீடு வீடாகத் தெரியாமல் ஒரு கட்டமாகத் தெரியும். அவர் வரைந்த சுவர்கள் பலவற்றில் சன்னலே இல்லாததைக் கவனியுங்கள். நீர்த்த ரா அம்பரால் நான்கைந்து பெரிய வடிவங்களை மட்டும் கோடிட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: வெளிச்சத்தை வரிசைப்படுத்துதல்

முக்கால்வாசி வேலை இங்கேதான். கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். நிறங்கள் மங்கி, எது வெளுப்பு, எது கருப்பு என்பது மட்டும் மிஞ்சும். வெளுப்பிலிருந்து கருப்புவரை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். பல படங்களில் முதலிடம் வானத்துக்குக் கிடைக்காது. வெயில் விழும் சுவருக்கோ சாலைக்கோதான் கிடைக்கும். அடுத்தது வானம். பிறகு மண், நிழல்பக்கச் சுவர், கடைசியில் மரங்கள்.

வெயில் அந்த வரிசையில்தான் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து நிறங்களுக்கு நடுவே உள்ள சிறு இடைவெளியைக் கண் வெயிலாக எடுத்துக்கொள்கிறது. மொராந்திக்கு இது கைவந்ததில் வியப்பில்லை. 1930 முதல் 1956வரை பொலோனியா நுண்கலைக் கல்லூரியில் அவர் கற்பித்தது செப்புத்தகட்டு அச்சுக்கலை. அங்கே நிறமே கிடையாது. கோடுகளை நெருக்கியும் விலக்கியும்தான் வெளிச்சத்தைக் கொண்டுவர வேண்டும்.

படி 4: கலவை

ஐந்து கலவைகளையும் வரைவதற்கு முன்பே தட்டில் செய்து, அருகருகே வையுங்கள். வெயில்சுவருக்கு வெள்ளையோடு துளி ஓக்கர், கடுகளவு சியன்னா. வானத்துக்கு வெள்ளை, மிகக் குறைவாக நீலம், அந்த நீலத்தின் துடுக்கை அடக்க அம்பர். மண்ணுக்கு ஓக்கரும் சியன்னாவும் வெள்ளையும். நிழல்சுவருக்கு வெயில்சுவரின் கலவையிலேயே அம்பரும் நீலமும் சேருங்கள். புதிதாகக் கலந்தால் அது வேறு வீட்டுச் சுவராகிவிடும். மரத்துக்கு ஓக்கரும் நீலமும். புழுதி படிந்த பச்சை வரும். கோடைக்காலத்து இலைக்கு அதுவே பொருத்தம்.

படி 5: பூசுதல்

மரத்தில் தொடங்கிச் சுவரில் முடியுங்கள். விளிம்புகளைக் கத்திபோல் வெட்டாமல், ஈரம் ஈரத்தோடு லேசாக உரசட்டும். இலை, ஓடு, புல் என்று எதையும் தனித்தனியாக வரைய வேண்டாம். ஒரே அமர்வில் முடிக்கப் பாருங்கள். மறுநாள் திரும்பி வந்தால் சன்னல் வைக்கத் தோன்றும்.

முடித்ததும் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். சுவரில் வெயில் ஏறவில்லையென்றால் அதன்மேல் மேலும் மேலும் வெள்ளை அப்பாதீர்கள், சுண்ணாம்படித்ததுபோல் ஆகிவிடும். வானத்தில் அம்பரை இன்னும் கொஞ்சம் சேர்த்து அதன் வெளுப்பைச் சற்றே குறையுங்கள். சுவரைத் தொடாமலே அதில் வெயில் வந்துவிடும்.