புது பேட்டரி சிஸ்டத்துக்கு மாறலாமா?

டிரில், ரம்பம் போன்ற கம்பியில்லாக் கருவிகளுக்கு வேறு பேட்டரி சிஸ்டம் வாங்க நினைத்தால், பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒன்றுதான். இரண்டிலும் 5 லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். செல் ஒன்றுக்கு 3.6 வோல்ட் என்றால் 18, முழு சார்ஜில் ஏறத்தாழ 4 வோல்ட் என்றால் 20. பேட்டரியில் மொத்தம் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அறிய, வோல்ட்டை அதன் மேல் Ah என்று எழுதியிருக்கும் ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள்: 18 வோல்ட் × 5 ஆம்பியர்-அவர் = 90 வாட்-அவர். 36 × 2.5 போட்டாலும் அதே 90தான். அதிக வோல்ட்டின் பலன் பெரிய ரம்பம், கிரைண்டர் போன்ற கனமான வேலையில்தான் தெரியும். திருகு முடுக்க அது தேவையே இல்லை.

பழைய பேட்டரி சட்டென்று இறங்கினால், முழுதாகச் சார்ஜ் செய்து ஓர் இரவு வைத்து மல்டிமீட்டரில் பாருங்கள். 18 வோல்ட் லித்தியம் பேட்டரி பேக் 20 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டியும் டிரில்லை அழுத்தினால் திணறுகிறதா? செல்கள் தேய்ந்துவிட்டன, அந்த ஒரு பேக்கை மாற்றினால் போதும், சிஸ்டத்தையே மாற்ற வேண்டாம்.

இன்னும் நிக்கல்-காட்மியம் என்ற பழைய வகை பேட்டரியில் இருப்பவர்கள் தயங்காமல் மாறலாம். ஆனால் அடாப்டர் மாட்டி லித்தியம் பேக்கைப் பழைய டிரில்லில் ஓட்டுவது ஆபத்து. சில பிராண்டுகளில் சார்ஜ் தீரும்போது நிறுத்தும் காவல் பேட்டரியில் இல்லாமல் கருவிக்குள் இருக்கும். பழைய டிரில்லில் அது கிடையாது. செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கெட்டுவிடும். அப்படி ஓட்டியே ஆக வேண்டுமென்றால், வேகம் குறைந்த உடனே சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.