ஊரிலிருந்து வரும் மருந்துப் பையும் பிள்ளையின் சிறுநீர்த் தொற்றும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு பிரிட்டன் வருகிறவர்களின் பெட்டியில் மனகோலம், சீப்புச் சீடைப் பலகாரங்களுக்கு அடியில் ஒரு மருந்துப் பை இருக்கும். பாரசிட்டமால் இருக்கட்டும். "அங்கே டாக்டர் லேசில் தரமாட்டாராம்" என்று ஆயா (பாட்டி) கட்டிக்கொடுத்த செஃபிக்சைம் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை மட்டும் ஊரிலேயே விட்டு வாருங்கள்.

இந்தியாவிலும் 2014 முதல் அது எச்1 அட்டவணை மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. பிள்ளைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவை ஈ.கோலையால் வருபவை. அது குடலில் வாழும் கிருமி. வைரஸால் வரும் சளிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் கொடுத்துவந்தால், மருந்துக்கு அடங்காத ஈ.கோலை குடலில் தங்கிப் பெருகும். பிறகு அதுவே சிறுநீர்ப்பைக்கு ஏறினால் செஃபிக்சைம் பலிக்காது. இஎஸ்பிஎல் என்ற நொதியைச் சுரக்கும் வகை அந்த மருந்தையே உடைத்துப் போட்டுவிடும். வாய்வழி மருந்துகள் குறைந்துபோய், ஊசிக்காகப் பச்சைப்பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்க நேரும். அந்தச் சின்னக் கையில் நரம்பு தேடுவதைப் பார்க்கச் சகிக்காது.

சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல், வாந்தி, ஒண்ணுக்குப் போகும்போது அழுகை என்றால் ஜி.பி.யை (குடும்ப டாக்டரை)க் கூப்பிட்டுச் சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கவே வேண்டாம், உடனே 111 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

ஆன்டிபயாடிக் உள்ளே போகுமுன் சிறுநீரைப் பிடித்துவிட வேண்டும். ஒரே ஒரு வேளை மருந்துகூட கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் செய்துவிடலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்து, கழுவித் துடைத்து, அடிவயிற்றில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் மெல்லத் தேய்த்தால் சில குழந்தைகள் சீக்கிரமே பெய்துவிடும். பாட்டிலைக் கையிலேயே வைத்திருங்கள். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் டாக்டர் ஒரு மருந்தைத் தொடங்கலாம், முடிவைப் பார்த்து மாற்றவும் மாற்றலாம். காய்ச்சல் விட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பழைய கல்ச்சர் ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் கொண்டுவாருங்கள். அதில் 'எஸ்' போட்ட மருந்து கேட்கும், 'ஆர்' போட்டது கேட்காது. படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) கல்யாணத்துக்கோ ஊர் போய்த் திரும்பிய பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், போய்வந்ததையும் அங்கே கொடுத்த மருந்தின் பெயரையும் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அடங்காத கிருமிகள் பயணத்திலும் குடலில் ஏறிக்கொள்ளும் என்பதால், எந்த மருந்தில் தொடங்குவது என்ற முடிவே அதனால் மாறலாம்.