எக்ஸாம்பிள் புரோகிராம் ஓடிவிட்டால் போதுமா?

ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வறுக்கும் தட்டின் சூட்டை அளக்கப் போயிருந்தோம். சூட்டைச் சின்ன வோல்டேஜாகத் தரும் கே வகை தெர்மோகப்பிள், அதை எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் 16 பிட் கார்டு, அதோடு மாதிரியாக வந்த வோல்டேஜ் எக்ஸாம்பிள் புரோகிராம். ரன் அழுத்தியதும் கோடு வந்தது. ஆனால் சூடு ஏழேழு டிகிரியாகப் படிக்கட்டு மாதிரித் தாவியது.

"அண்ணா, சென்சார் போயிடுச்சு போல" என்றான் கூட வந்த தம்பி.

சென்சார் நன்றாகத்தான் இருந்தது. எக்ஸாம்பிளில் இருந்த ±10 வோல்ட் ரேஞ்சை, அதாவது அளக்கும் எல்லையை, நாங்கள் மாற்றவே இல்லை. அந்த 20 வோல்ட்டை 16 பிட் கார்டு 65,536 படிகளாகப் பிரித்தால் ஒரு படி சுமார் 305 மைக்ரோவோல்ட். கே வகை ஒரு டிகிரிக்குத் தருவதோ 41 மைக்ரோவோல்ட் அளவுதான். ரேஞ்சை ±0.1 வோல்ட் ஆக்கியதும் படிக்கட்டு மறைந்தது.

இதைவிட அதிகம் பேரைக் குழப்புவது காலி சேனல், அதாவது கார்டில் ஒயர் மாட்டாமல் விட்ட உள்ளீடு. 0-வது சேனலில் ஒரு பேட்டரி செல்லை மாட்டுவார்கள்; எதுவும் மாட்டாத 1, 2-லும் கிட்டத்தட்ட அதே 1.5 வோல்ட் தெரியும். உடனே கார்டு ஷார்ட் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாவம், கார்டு மேல் தப்பில்லை. விலை குறைந்த கார்டுகளில் பெரும்பாலும் வோல்டேஜை எண்ணாக்கும் ஏ.டி.சி. ஒன்றுதான், மல்டிபிளெக்சர் என்ற சுவிட்ச் அதை ஒவ்வொரு சேனலாக மாற்றிக்கொண்டே போகும். முந்தைய சேனலின் சார்ஜ் வடிய வழியில்லாமல் அடுத்ததிலும் நிற்கிறது. காலி சேனலை ஒரு துண்டு ஒயரால் கிரவுண்டில் சேர்த்துப் பாருங்கள், பூஜ்யத்துக்கு வந்துவிடும். சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் அதிகமாக இருந்தால் மாட்டிய சேனலிலும் இதே தொல்லை வரும். அப்போது சேனல் மாற்றும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

டிஃபரென்ஷியலில், அதாவது ப்ளஸ், மைனஸ் முனைகளுக்கு நடுவிலான வித்தியாசத்தை அளக்கும் முறையில், செல்லை மாட்டும்போது ரீடிங் மெல்ல நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால், மைனஸ் முனைக்கும் அனலாக் கிரவுண்டுக்கும் நடுவே 10 முதல் 100 கிலோ ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் போடுங்கள்.

அப்புறம் சாம்பிள் ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை தடவை அளப்பது என்பது. மல்டிபிளெக்சர் கார்டில் 2,50,000 என்று போட்டிருந்தால் அது எல்லா சேனலுக்கும் சேர்த்து. 16 சேனலுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 15,625. எக்ஸாம்பிளில் பலசமயம் 1,000 என்றே இருக்கும். அம்மாப்பேட்டையில் ஒரு தறிக்கூட மோட்டாரின் அதிர்வை அப்படி எடுத்தபோது அதிர்வெண் வரைபடத்தில் 50 ஹெர்ட்ஸில் பெரிய முள் நின்றது. ஈ.பி. லைன் இரைச்சல் என்றே நினைத்தோம். ரேட்டை 1,200 ஆக்கியதும் முள் 250-க்கு ஓடியது. நிஜமான 50 என்றால் அசையாது. வந்தது 950 ஹெர்ட்ஸ் அதிர்வு; ரேட் போதாததால் ரேட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான், 1,000-ல் 50 ஆகவும் 1,200-ல் 250 ஆகவும், தெரிந்தது. இதைக் கார்டுக்கு முன்னால் வேகமான அதிர்வை வெட்டும் ஃபில்டர் வைத்துத்தான் தடுக்க முடியும். பதிவான பிறகு சராசரி எடுத்துப் பிரயோஜனமில்லை.

இப்போதெல்லாம் சேலத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு சேனலிலும் அதே செல்லை மாற்றி மாற்றி மாட்டி, பக்கத்தில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுகிறோம். போன தடவை அப்படிப் பார்த்ததில்தான் 3, 4-ஆம் ஒயர்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது.