ஜூன் வருவதற்குள் என் மகனைத் தயார்படுத்திய விதம்

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதையும் எழுதுவதையும் சிரமமாக்கும் கற்றல் குறைபாடு. அவன் மூன்றாம் வகுப்புக்குப் போவதற்கு முன், மே மாதம் முழுக்க நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் கொம்பு. 'கெ' என்று சொல்லும்போது 'க்' முன்னால் ஒலிக்கிறது. எழுதும்போதோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. 'கொ' என்றால் இரண்டு பக்கமும் குறி. இதில்தான் அவன் தடுமாறினான். எவர்சில்வர் தட்டில் ரவையைப் பரப்பி, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவிட்டேன். பிறகு சிலேட்டில், கொம்புக்கு மட்டும் சிவப்பு சாக்பீஸ். ஒரு நாளைக்கு இரண்டே எழுத்து, பத்து நிமிடம். பிள்ளை சோர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அழ அழ எழுதவைத்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது.

தமிழ் நோட்டுக்குப் பச்சை அட்டை, கணக்குக்கு நீலம். பெயரைப் படிக்காமலே எடுத்துவிடுவான்.

பள்ளி திறந்ததுமே வகுப்பாசிரியரைப் பாருங்கள். பிள்ளையின் குறைபாட்டைச் சோதித்துத் தந்த மதிப்பீட்டு அறிக்கையின் நகலோடு ஒரு பக்கக் கடிதம் போதும். நான் கேட்டவை மூன்று: முன்வரிசையில் இடம், கரும்பலகையைப் பார்த்து எழுதக் கூடுதல் நேரம், திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. தயங்காமல் கேளுங்கள், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் இருக்கிறது.

அப்படியே கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் எங்கே என்று பிள்ளையை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.