விடியற்காலைக் கண் வலி: கடைசியில் பிடிபட்ட காரணம்

காலையில் கண்ணைத் திறக்கும் நொடியில் இடது கண்ணில் கிழிப்பது போல வலிக்கும், தண்ணீராகக் கொட்டும். மதியத்துக்குள் சரியாகிவிடும். மெட்ராஸ் ஐ என்று ஆன்டிபயாடிக் சொட்டு, அலர்ஜி என்று இன்னொரு சொட்டு, எதற்கும் கேட்கவில்லை. மாலையில் டாக்டரிடம் போனால் கண்ணில் ஒன்றும் தெரியாது.

அப்புறம் ஒருநாள் வலியோடு காலையிலேயே போனேன். சாயச் சொட்டு விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்ததும் கருவிழியில் பச்சையாக ஒரு சிராய்ப்பு. போன வருடம் குழந்தையின் நகம் கீறிய அதே இடம்! அங்கே மேல்படலம் சரியாக ஒட்டவில்லை. தூக்கத்தில் கண் காய்ந்து இமையோடு ஒட்டி, திறக்கும்போது பிய்ந்திருக்கிறது.

டாக்டர் சொன்னபடி இரவில் 5% சோடியம் குளோரைடு களிம்பு போட்டேன். வலி நின்றதே பெரிய நிம்மதி. நின்ற பிறகும் சில மாதம் விடாமல் போட வேண்டும். விழித்ததும் மூடிய இமைக்குள் கண்ணை மெல்ல உருட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும்.