என்.பி.ஏ. ஜாம்பவானுக்கு அரங்கில் விடைகொடுக்க: தேதி, அட்டை, முழக்கம்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.-வில் பெரிய வீரர் ஒருவர் ஓய்வு பெறப் போகிறார் என்றதும் ரசிகர்கள் பேனரில்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்க வேண்டியது தேதியில். லீக் சுற்றில் ஒவ்வோர் அணிக்கும் 82 ஆட்டம், அதில் பாதி, 41, சொந்த ஊரில். அணி பிளேஆஃபுக்கு, அதாவது லீக் சுற்றுக்குப் பின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டங்களுக்குப், போகாது என்று உறுதியாகிவிட்டால் கணக்கு சுலபம். 2016-இல் ஓய்வு பெற்ற கோபி பிரையன்டின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி 17 வெற்றி, 65 தோல்வி என்று கிடந்தது. ஏப்ரல் 13-தான் அவரது கடைசி ஆட்டம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அதே சீசனில் இன்னொரு ஜாம்பவான் டிம் டன்கனின் சான் அன்டோனியோ அணி 67 ஆட்டங்களை வென்றது. மே 10 அன்று சொந்த ஊரில் ஆடியது அவரது கடைசி உள்ளூர் ஆட்டம் என்று அரங்கில் இருந்த ரசிகர்களுக்குத் தெரியாது. இரண்டே நாளில் ஓக்லஹோமா சிட்டியில் தோற்று அணி வெளியேறியது. ஜூலையில் ஓர் ஓய்வு அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே அணி நன்றாக ஆடும் ஆண்டில் பிளேஆஃபை நம்பாதீர்கள். லீக் சுற்றின் கடைசி உள்ளூர் ஆட்டத்திலேயே மரியாதையைச் செய்துவிடுங்கள். அதுவும் கைவிட்டுப் போனால் அவரது எண் கொண்ட ஜெர்சியை மரியாதையாக அரங்கின் கூரைக்கு ஏற்றும் இரவு ஒன்று பெரும்பாலும் வரும். டன்கனின் 21-ஆம் எண்ணை 2016 டிசம்பர் 18-இல் ஏற்றினார்கள்; கோபியின் 8, 24 இரண்டையும் சரியாக ஓராண்டு கழித்து அதே தேதியில்.

வீரர் இன்னும் வாய் திறக்கவில்லை என்றால் அட்டையில் ‘போய் வாருங்கள்’ என்று எழுதாதீர்கள், ‘நன்றி’ என்று எழுதுங்கள். டல்லாஸ் அணியின் ஜெர்மானிய வீரர் டிர்க் நோவிட்ஸ்கி 2019 ஏப்ரல் 9 அன்று டல்லாஸில் 30 புள்ளி எடுத்து, ஆட்டம் முடிந்த பிறகுதான் ஓய்வை அறிவித்தார். நன்றி சொல்லும் அட்டை எந்தப் பக்கம் போனாலும் பொருந்தும்.

கையட்டைக்கு அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் 22×28 அங்குலப் போஸ்டர் அட்டை போதும். சில அரங்குகளில் அந்த அளவுக்கே அனுமதி இருக்காது. அரங்கின் இணையதளத்தில் விதியைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். குச்சி, கம்பி கட்டினால் வாயிலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். எழுத்தின் உயரத்துக்கு விளம்பரப் பலகைக்காரர்களின் கணக்கு ஒன்று உண்டு: வசதியாகப் படிக்க, 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம். ஆடுகளத்தின் அகலமே 50 அடி. எதிர்வரிசை வரை சேர்த்தால் 6 அங்குலத்துக்குக் குறைந்த எழுத்து வீண். அந்த அளவில் 28 அங்குலத்துக்குள் ஐந்தாறு எழுத்துதான் அடங்கும். கவிதை எழுதி எடுத்துப் போகிறவர்களின் அட்டை பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டுமே. நோவிட்ஸ்கிக்காக டல்லாஸ் வைத்த ‘41.21.1’ என்ற முழக்கம் எடுபட்டதற்கு இதுவும் காரணம்: ஜெர்சி எண் 41, 21 சீசன், ஒரே அணி. ஐந்து இலக்கம், இரண்டு புள்ளி, கதை முடிந்தது.

பல பேர் சேர்ந்து அட்டை தூக்கி எண்ணை உருவாக்குவதுதான் கடினமான வேலை, பெரும்பாலும் சொதப்புவதும் இதுதான். 41 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஓர் இலக்கத்துக்கு 5 இருக்கை அகலம், 7 வரிசை உயரம் என்று வைத்தால் இடைவெளியும் ஓரமும் சேர்த்து 13×9, அதாவது 117 அட்டை. செலவு குறைவு, ஆனால் கோடு ஓர் இருக்கை அகலமே. ஒருவர் பாப்கார்ன் வாங்கப் போனால் 4-இன் கால் முறிந்துவிடும். கோட்டின் அகலத்தை இரண்டு இருக்கையாக்கி, மற்ற அளவையும் இரட்டித்தால் 26×18, அதாவது 468 அட்டை. பத்து சதவீதம் உபரி சேர்த்து 515 அச்சடியுங்கள். நடுவே படிக்கட்டுப் பாதை வரும். அதை இரண்டு இலக்கத்துக்கும் இடையிலான வெற்றிடமாகப் பயன்படுத்துங்கள், இலக்கத்தின் குறுக்கே ஓட விடாதீர்கள்.

கட்டம் போட்ட தாளில் வரையும்போது நீங்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். அட்டை பிடிப்பவருக்கு இடம் வலமாகும். இதை மறந்து இருக்கை எண்ணை அப்படியே எழுதினால் 41 என்பது 14 ஆகிவிடும், அதிலும் 4 முகம் திரும்பி நிற்கும். இருக்கை எண் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதை அரங்கிலேயே போய்ப் பாருங்கள், வரைபடத்தை நம்ப வேண்டாம். தொலைக்காட்சியின் முதன்மைக் கேமரா இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பகுதியைப் பிடித்தால்தான் எண் திரையில் வரும்.

அட்டை 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் இருக்கட்டும். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் துவளும், பின்வெளிச்சம் ஊடுருவும், போதாததற்கு விமானமாக மடிந்து ஆடுகளத்தில் இறங்கும். பளபளப்புப் பூச்சு வேண்டாம். அரங்கின் விளக்கில் நிறமே தெரியாது. பின்பக்கம் மூன்றே வரி: எப்போது தூக்க வேண்டும், எவ்வளவு நேரம், முகவாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை அட்டை மறையும். கதவு திறக்கும் முன் இருக்கையில் வைக்க அணி நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரண்டு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

எப்போது தூக்குவது? பந்து ஓடும்போது மட்டும் கூடாது. வீரர்களை அறிமுகப்படுத்தும் நேரத்தில் பல அரங்குகளில் விளக்கை அணைத்துவிடுவார்கள். அப்போது தூக்கினால் இருட்டுதான் பார்க்கும். முதல் கால்பகுதியின் முதல் டைம்அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்தும் இடைவேளை, நல்ல நேரம்: விதிப்படி 75 வினாடி, விளம்பரம் சேர்ந்தால் இன்னும் நீளும், விளக்கும் எரியும். அரங்கின் பாட்டு முழங்கும்போது கோஷம் போட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு நிற்கும் இடம் ஃப்ரீ த்ரோ, எதிரணி தவறு செய்ததற்காகத் தடையின்றி எறியும் வாய்ப்பு. அதிலும் உங்கள் வீரர் பந்தை எறியக் குறிபார்க்கும் நொடியில் விட்டுவிட்டு, முதல் எறிக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெயரைச் சொல்லுங்கள்.

உண்மையான விடைபெறல் அவரை வெளியே அழைக்கும்போதுதான், அது எந்த நொடியில் வரும் என்பது கோச்சின் கையில். கோபி 60 புள்ளி எடுத்து, 4.1 வினாடி மிச்சமிருக்கும்போதுதான் வெளியே வந்தார். நெரிசலுக்குப் பயந்து முன்பே கிளம்பும் பழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். கிளம்பினால் அந்த நொடி கைவிட்டுப் போகும்; அட்டையை முன்பே சுருட்டி இருக்கைக்கு அடியில் போட்டாலும் இதே கதிதான்.

எதிரணி ஊரில் என்றால் அவர் உள்ளே வரும்போதும் வெளியேறும்போதும் எழுந்து கைதட்டினால் போதும். 2019 பிப்ரவரி 25 அன்று லாஸ் ஏஞ்சலஸில் ஆட்டம் முடிய 9.4 வினாடி இருக்கையில், எதிரணி கோச் டாக் ரிவர்ஸே டைம்அவுட் எடுத்து, மைக்கை வாங்கி, நோவிட்ஸ்கிக்காகக் கூட்டத்தைக் கைதட்ட வைத்தார். அதற்குமேல் வெளியூரில் எதுவும் தேவையில்லை.

கடிதத் தொகுப்பு கொடுப்பதாக இருந்தால் ஒருவருக்கு ஒரு ஏ4 பக்கம், கையெழுத்துப் பிரதியாக. வீரரின் தாய்மொழியில் சில இருந்தால் அழகு. நோவிட்ஸ்கிக்கு ஜெர்மன் போல. முகவரி, தொலைபேசி எண் எழுத வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், பதில் கையெழுத்தும் கேட்காதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே அணி அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு போனால் பை அளவு விதியைக் காட்டி வாயிலிலேயே நிறுத்திவிடுவார்கள்.